நாற்பத்து மூன்று ஏணிகள்

போஸ்கோல் ஊரில் பிணத்தைச் சுமந்து போகும் ஏணி திரும்ப ஊருக்குள் வரக்கூடாது. புதைத்து முடித்ததும் மண்மேட்டின் மேலேயே அதைக் கிடத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். வீட்டுக்கு வந்த ஏணி இன்னொரு ஆளைக் கேட்கும் என்ற பயம் ஊரில் எல்லோருக்கும் உண்டு. நூகுஸ் நகரில் ஐந்து வருஷம் நீரியல் படித்துப் பட்டம் வாங்கி வந்த ஜிபாகுலுக்கும் அந்தப் பயம் உண்டு.

ஆகவே, வறண்டு கிடந்த ஏரிப் படுகையில் கல்லறைகளைக் கணக்கெடுக்கப் போன அன்று அவள் ஏணிகளைத்தான் எண்ணினாள். பல மேடுகளைக் காற்று தின்று தரையோடு தரையாக்கியிருந்தது. பெயர்ப்பலகை ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஏணிகள் மட்டும் உப்பில் வெளுத்து, படிகள் கழன்று, கிடத்திய இடத்திலேயே கிடந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் நின்று ஜி.பி.எஸ். கருவியில் இடத்தைக் குறித்துக்கொண்டு, தாளில் ஒரு வரி எழுதினாள். வரிசை எண், ஊரில் கேட்டு வைத்திருந்த பெயர், பிறகு இடத்தைச் சொல்லும் இரண்டு நீளமான இலக்கங்கள். முப்பத்தொன்றாவது ஏணி மற்றதில் பாதிகூட இல்லை, நாலே படி. அது அவள் மகள் அய்பர்ஷாவுடையது. மூன்று வயதில் உப்புப் புழுதி நெஞ்சைக் கட்டிப் போய்ச் சேர்ந்தவள். குழந்தையைக் கையில்தான் ஏந்திப் போவார்கள், ஏணி வேண்டியதில்லை. ஆனாலும் அவள் புருஷன் பஸர்பாய் பழைய துடுப்பு இரண்டை அறுத்து, ராத்திரி முழுக்க அழுதுகொண்டே அதைச் செய்தான். ஜிபாகுல் அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு முப்பத்திரண்டாவதற்குப் போனாள். மொத்தம் நாற்பத்து மூன்று.

ஏரிக்குள் போய் யாராவது புதைப்பார்களா என்று கேட்கலாம். ஊரின் பழைய இடுகாடு பதினோரு கிலோமீட்டர் தள்ளி ஒரு குன்றின் மேல் இருக்கிறது. தண்ணீர் இருந்த காலத்தில் அது ஒரு தீவு. பிணம் படகில் போகும். ஏரி வற்றிய பிறகு படகு போயிற்று, வண்டிக்கு டீசல் கிடைக்கவில்லை, சாவுக்கு மட்டும் குறைச்சல் இல்லை. குன்றில் மண் கல்லாட்டம் இருக்கும். ஏரிப் படுகையோ அரைமணி நடை, மண்வெட்டி வைத்ததும் இறங்கும். தண்ணீர் இனி ஜென்மத்துக்கும் வராது என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. அவர்களைத் திட்டத்தான் தோன்றும். அந்த வருஷங்களில் போஸ்கோலில் இருந்திருந்தால் நாமும் அங்கேதான் குழி தோண்டியிருப்போம்.

இப்போது தண்ணீர் வருகிறது என்றார்கள். வெளிநாட்டு நிதி ஒன்று கிடைத்திருந்தது. ஏரியின் வாயில் ஒரு மண்ணணை, நாலு மதகு, ஆற்றின் கடைசிக் கால்வாயிலிருந்து ஒரு வெட்டு. மூன்று மாதத்தில் ஏரி நிரம்பும், நாணல் முளைக்கும், மீன் விடலாம், புழுதி அடங்கும். வரைபடம் வண்ணத்தில் அச்சாகி வந்தது. அதில் பழைய இடுகாடு அழகாகக் குறிக்கப்பட்டிருந்தது. படுகையில் இருந்த நாற்பத்து மூன்று பேரைப் பற்றி அந்தப் படம் போட்டவர்களுக்குத் தெரியாது. அவர்கள் வைத்துக்கொண்டு வரைந்தது நாற்பது வருஷத்துக்கு முந்தைய படம்.

அந்தப் பகுதிக்குக் கள ஆய்வாளர் ஜிபாகுல். ஊரிலேயே இருந்துகொண்டு நூகுஸ் அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்புவது அவள் வேலை. திட்டப் படிவத்தில் பதினாலாவது வரி அவள் நிரப்ப வேண்டியது: "நீரில் மூழ்கும் பரப்பில் கல்லறைகள் உண்டா?" உண்டு என்று எழுதினால் வேலை நிற்கும். ஒவ்வொரு குடும்பமும் எழுதிக்கொடுத்து, மதப் பெரியவர்கள் தீர்ப்புச் சொல்லி, எலும்புகளை முறைப்படி மாற்றி முடிக்க இரண்டு வருஷமாவது ஆகும். நிதியோ டிசம்பரோடு முடிகிறது.

இதை அவள் ஒளிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஊரைக் கூட்டி, கரும்பலகையில் எழுதியே காட்டினாள். சட்டம் நல்லதுக்குத்தான் போட்டிருக்கிறார்கள், ஆனால் நம் கழுத்துக்கு வந்து நிற்கிறது என்றாள். ஊர்த்தலைவர் செயித்னியாஸ்தான் கடைசியில் எழுந்தார். ஒரு காலத்தில் மீன்பிடிக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர். இப்போது அவருடைய படகில் கோழி அடைகாக்கிறது.

"அங்க என்ன கல்லறை இருக்கு? ஏணிதான் கிடக்கு," என்றார். "ஏணிய எடுத்துட்டா வெறும் மண்ணு. எந்தக் கமிஷன் வந்து பாத்தாலும் வெறும் மண்ணு."

ஊரே அவர் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தது. அவருடைய தம்பியும் அங்கேதான் இருந்தான், ஒன்பதாவது ஏணி. தொழுகை நடத்தும் மொல்லா தொண்டையைச் செருமிக்கொண்டு, தண்ணீர் சுத்தமான பொருள், அதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். அதுதான் தீர்ப்பு. கை தூக்கச் சொன்னபோது எல்லாக் கையும் மேலே போனது, ஒன்றைத் தவிர.

மறுநாள் உப்புக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு ஆண்கள் டிராக்டரோடு படுகைக்குப் போனார்கள். ஏணிகளை வீட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது, எரிக்கவும் மனசு வராது. மூடிக்கிடந்த மீன் கிடங்கின் ஐஸ் அறையில் அடுக்குவதென்று பேசியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் தாரால் பெயர் எழுதினார்கள். சின்ன ஏணியை ஜிபாகுலே எடுத்துக்கொண்டு போய் உள்ளே வைத்தாள். எல்லாம் அடுக்கி முடித்தபோது நாற்பத்திரண்டுதான் இருந்தது.

படுகையில் மிச்சமிருந்த ஒரே ஏணியின் மேல் பல்ஸதா உட்கார்ந்திருந்தாள். அறுபதைத் தாண்டியவள். மீன் ஆலையில் முப்பது வருஷம் செதில் உரித்தவள். வாயும் அந்தக் கத்தி மாதிரியே. அவளுடைய ஒரே மகன் ஓங்கர் பத்தொன்பது வயதில் காசநோயில் போய், அங்கே பதினேழாவது ஏணிக்குக் கீழே இருந்தான். மூன்று நாளாக ரொட்டியும் தேநீர்ப் புட்டியும் எடுத்துக்கொண்டு காலையில் வந்து, இருட்டும்போதுதான் வீட்டுக்குப் போனாள். நாலாம் நாள் ஜிபாகுல் போய் எதிரே மண்ணில் உட்கார்ந்தாள்.

"வா மருமகளே. உன்னையும் அனுப்பிட்டாங்களா?" என்றாள் பல்ஸதா, ஊரின் இளம் பெண்கள் எல்லோரையும் மருமகளே என்று கூப்பிடுபவள். "செயித்னியாஸ் வந்து அழுதான். மொல்லா வந்து இருமினாரு. நாளைக்கு டிராக்டர வந்து பேசச் சொல்லு, அதுவாவது நேரா பேசும்."

ஜிபாகுல் மடித்து வைத்திருந்த தாளை எடுத்து விரித்தாள். எல்லோரையும் குறித்திருப்பதைச் சொன்னாள். ஏணி போனாலும் இந்த இலக்கங்களைக் கருவியில் போட்டால் அது ஒரு அடி தப்பாமல் அந்த இடத்துக்கே கொண்டுபோய் நிறுத்தும் என்றாள். பல்ஸதா தாளை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இதுல என் பையன் எங்க?"

"இதோ, பதினேழாவது. ஓங்கர்."

"உன் பொண்ணு?"

"முப்பத்தொண்ணு."

பல்ஸதா பதினேழாவது வரியில் விரலை வைத்தாள். விரலை எடுக்காமலே பேசினாள்.

"நான் ஒண்ணும் முட்டாள் இல்ல மருமகளே. புழுதி தின்னு தின்னு ஊருல பாதிப் பேரு போயாச்சு, மீதிப் பேரு கஸகஸ்தான்ல செங்கல் சுமக்குறான். தண்ணி வேணும், எனக்கும் தெரியும். எடுத்துக்கோ. ஆனா ரெண்டு விஷயம். இந்தத் தாளு உங்கிட்ட பத்திரமா இருக்கணும். அப்புறம், வர்ற தண்ணி நிக்கணும். ஒரு வருஷம் வந்து காட்டிட்டுப் போற தண்ணிக்கு நான் என் புள்ளையக் குடுக்கல."

இரண்டுக்கும் ஜிபாகுல் சத்தியம் செய்தாள். ரொட்டியைத் தொட்டுச் செய்தாள். அப்போது அவள் பொய் சொல்லவில்லை.

இரண்டாவது சத்தியத்தைக் காப்பாற்ற அவள் தன்னால் ஆனதைச் செய்யவே செய்தாள். பதினாலாவது வரியில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட அதே அறிக்கையில், நிபந்தனைகள் என்ற தலைப்பின் கீழ் ஒன்றைச் சேர்த்தாள்: போஸ்கோலுக்கு வருஷாவருஷம் இவ்வளவு தண்ணீர் என்று பங்கு எழுத்தில் உறுதியாகாமல் அணையை ஒப்புக்கொள்ளக் கூடாது. காரணம் இருந்தது. வடக்கே இதற்கு முன் இரண்டு ஏரிகளுக்கு இப்படி அணை கட்டிப் படம் எடுத்தார்கள். ஒப்புதல் விழாவுக்குத் தண்ணீர் வந்தது. அப்புறம் ஆற்றின் மேற்பகுதியில் பருத்திக்குத் தேவைப்பட்டபோது நின்றுபோனது. அணை கட்டுவதற்கு ஆயிரம் விதி இருக்கிறது. கட்டிய அணைக்குத் தண்ணீர் விடச் சொல்லி ஒரு விதிகூடக் கிடையாது.

நூகுஸில் அவளுடைய மேலதிகாரி எம்பெர்கென் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். கெட்ட மனிதர் இல்லை. ஓய்வுக்கு நாலு வருஷம் இருந்தது, மேசையில் ஃபைல் கழுத்தளவு இருந்தது, வயிற்றுப்புண் வேறு.

"நிபந்தனைன்னு போட்டா மேல ஒருத்தன் கையெழுத்துப் போடணும்," என்றார். "தண்ணிக்கு எவன் கையெழுத்துப் போடுவான்? இத பரிந்துரைகள்ல போட்டுருவோம். கடைசிப் பக்கம். விஷயம் அதேதானே."

"அதே இல்ல அகா. பரிந்துரைய யாரும் கேக்க வேண்டியதில்ல," என்று மூத்தவருக்குரிய மரியாதையோடு சொன்னாள்.

"நிபந்தனையா இருந்தா திட்டமே இல்ல. ஊருக்குப் போய் அதச் சொல்றியா?"

ஊரைப் பற்றிச் சொன்னதும் அவளுக்கு ஐஸ் அறையில் அடுக்கிய ஏணிகள் ஞாபகம் வந்தன. எடுத்ததைத் திரும்பக் கொண்டுபோய் எந்த முகத்தோடு வைப்பது? கடைசிப் பக்கத்துக்குச் சம்மதித்தாள். எம்பெர்கென் பெருமூச்சு விட்டு, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பதினாலாவது வரியில் விரலை வைத்தார். தலைநகரிலிருந்து சோதனை வருகிறது, கள ஆய்வாளர்களின் குறிப்பேடு, கருவி, வீட்டில் வைத்திருக்கும் காகிதம் எல்லாவற்றையும் பார்ப்பார்கள் என்றார். இந்த வரிக்கு மாறாக எங்கேயாவது ஒரு துண்டுத் தாள் அகப்பட்டால் பொய்ச் சான்று கொடுத்ததாக அவள் உள்ளே போவாள், ஏரியும் போகும். அப்படி ஏதாவது இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. இருக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார்.

ஷேர் காரில் ஊர் திரும்பிய அந்த நாலு மணி நேரமும் அவள் பையை மடியிலேயே வைத்திருந்தாள். தாளை எங்கே ஒளிப்பது என்று யோசித்தாள். பல்ஸதாவிடமே கொடுத்துவிடலாம், அவள் சும்மா இருக்கமாட்டாள். மண்ணில் புதைக்கலாம், தண்ணீர் வரும். இலக்கங்களை மனப்பாடம் செய்யலாம் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தாள். வீட்டுக்கு வந்ததும் தேநீருக்கு அடுப்பை மூட்டினாள். நாணல் தட்டை சடசடவென்று பிடித்துக்கொண்டது. கருவியில் இருந்ததை அழித்தாள். பிறகு தாளை அடுப்பில் போட்டாள். பயம்தான், வேறு எந்த நல்ல பெயரும் அதற்கு வைக்க முடியாது. பாதி எரிந்தபோது கையை விட்டு எடுக்கப் பார்த்தாள், விரல் சுட்டதோடு சரி. முப்பத்தொன்றாவது வரி கருகியதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பத்து நாள் கழித்துச் சோதனைக்காரர் வந்தார். செயித்னியாஸ் வீட்டில் சோளமாவு உருண்டையும் ஆட்டிறைச்சியும் ஒரு பிடி பிடித்தார். குளிர்பதன வண்டியில் தூர ஊரிலிருந்து வாங்கிவந்த கெண்டையைப் பொரித்துக் கொடுத்தார்கள், அதையும் சாப்பிட்டார். ஜிபாகுலின் வீட்டுப் பக்கமே வரவில்லை. படுகையைத் தூரத்திலிருந்து கைகாட்டி, "வெறும் மண்ணு" என்று அவரே சொன்னார்.

வசந்தத்தில் மதகு திறந்தது. அந்த முதல் வருஷத்தைப் பற்றி இன்றைக்கும் ஊரில் யாரும் கெடுத்துப் பேசமாட்டார்கள். ஏரி நிரம்பியது. நாணல் ஆள் உயரத்துக்கு எழுந்தது. கூழைக்கடாக்கள் எங்கிருந்துதான் வழி கேட்டு வந்தனவோ, கூட்டமாக வந்து இறங்கின. புழுதி அடங்கி, துவைத்த துணி வெளுப்பாகவே காய்ந்தது. செங்கல் சுமக்கப் போயிருந்த பஸர்பாயும் கஸகஸ்தானிலிருந்து திரும்பி வந்தான். செயித்னியாஸ் கோழியை விரட்டிவிட்டுப் படகுக்குத் தார் பூசினார். பல்ஸதா தினமும் சாயங்காலம் கரையில் வந்து உட்கார்ந்து, ஓங்கர் இருந்த திசையைப் பார்த்தபடி சூரியகாந்தி விதை கொரிப்பாள். ஜிபாகுல் அந்தப் பக்கம் போனால் கூப்பிடுவாள்.

"நம்ம பசங்க தலைக்கு மேல மீனு ஓடுது மருமகளே. உயிரோட இருக்கிறப்ப ஒரு மீனத் தின்னதில்ல ரெண்டும்." சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். பிறகு, "தாளு பத்திரம்தானே?" என்பாள்.

"பத்திரம் அபா," என்பாள் ஜிபாகுல், மூத்தவளுக்கான மரியாதையோடு. அப்புறம் அங்கே நிற்காமல் நடந்துவிடுவாள். சொல்லிவிடலாம் என்று பல தடவை வாயெடுத்தாள். ஏரி இருக்கும்வரை அந்தத் தாள் யாருக்கும் வேண்டியதில்லை, ஏரி இருந்தால் போதும் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். அதற்குப் பிறகு அவள் வேண்டிக்கொண்டதெல்லாம் தண்ணீருக்காகத்தான். கரையில் நட்டிருந்த அளவுகோலைத் தினமும் மூன்று வேளை போய்ப் பார்த்தாள், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல.

இரண்டாம் வருஷம் பாதிதான் வந்தது. மூன்றாம் வருஷம் வசந்தத்தில் நாலு மதகையும் திறந்து வைத்தும் கால்வாயில் தவளைக்குக்கூடத் தண்ணீர் இல்லை. அளவுகோலில் ஒவ்வொரு வாரமும் ஒரு சாண் இறங்கியது. ஜிபாகுல் நூகுஸுக்குப் போனாள். எம்பெர்கென், இது எங்கள் கையில் இல்லை, தண்ணீர் பங்கிடும் அலுவலகத்தைக் கேள் என்றார். அங்கே மூன்று நாள் தாழ்வாரத்தில் உட்கார்ந்த பிறகு ஓர் இளம் அதிகாரி அவளை உள்ளே கூப்பிட்டான். மரியாதையான பையன், தேநீர் கொடுத்தான். போஸ்கோல் ஃபைலை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினான்.

"நிபந்தனைகள்ல தண்ணியப் பத்தி ஒண்ணுமே இல்லையே அபா. கடைசில பரிந்துரைல இருக்கு. பரிந்துரைய வெச்சு நான் மதகு திறக்க முடியாது."

"மீன் செத்துரும் தம்பி."

"அப்ப நிபந்தனையா எழுதியிருக்கணும். யாரு எழுதினது இத?" என்று கீழே இருந்த கையெழுத்தைப் படித்தான். படித்துவிட்டுப் பெயரைச் சொல்லாமல் ஃபைலை மூடினான்.

ஜூலையில் மீன் செத்தது. முதலில் கரையோரம் வெள்ளை வெள்ளையாக, பிறகு ஏரி முழுக்க. நாற்றத்தில் பக்கத்து ஊர்க்காரர்கள் வண்டிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனார்கள். கூழைக்கடாக்கள் ஒரு வாரம் வயிறு முட்டத் தின்றுவிட்டு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டன. பஸர்பாய் வலையை மடித்துப் பரணில் போட்டான். பிறகு பழைய பையை எடுத்துக்கொண்டு கஸகஸ்தானுக்குப் போகும் வண்டியில் ஏறினான். ஆகஸ்ட் முடிவதற்குள் படுகை வெளியே தெரிந்தது. முன்னே இருந்த படுகை மாதிரி இல்லை. மூன்று வருஷச் சேறு படிந்து, காய்ந்து, கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே சமமாக வெடித்துக் கிடந்தது. மேடு இல்லை, பள்ளம் இல்லை. எல்லாம் வெறும் மண்.

ஊரில் யாரும் யாரையும் கலந்துகொள்ளவில்லை. ஆனாலும் மீன் கிடங்கின் பூட்டு உடைந்தது. ஏணிகள் தாங்கள் இருந்த இடத்துக்குப் போக வேண்டுமென்பதில் அங்கே இரண்டு கருத்து கிடையாது. செயித்னியாஸ் தம்பியின் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு படுகையில் காலையிலிருந்து மத்தியானம்வரை நடந்தார். இங்கேதான் என்று ஓரிடத்தில் வைப்பார். பத்தடி நடந்து திரும்பிப் பார்ப்பார். மறுபடி எடுத்துக்கொள்வார். ஜிபாகுல் தன் வீட்டு ஜன்னலிலிருந்து அதைப் பார்த்தாள். அடுத்து யார் வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

பல்ஸதா சாயங்காலம் வந்தாள். ஏணியை ஒரு கையால் இழுத்துக்கொண்டு தெருவழியாகவே வந்தாள். அது தரையில் உரசும் சத்தம் கேட்டு இரண்டு பக்கமும் கதவுகள் திறந்தன. ஜிபாகுலின் வாசலில் நின்று மூச்சு வாங்கினாள்.

"அந்தத் தாள எடு மருமகளே. பதினேழாவது."

ஜிபாகுல் வாசற்படியில் இறங்கி வந்தாள். கடைசிப் படியில் உட்கார்ந்தாள்.

"இல்ல அபா. எரிச்சுட்டேன்."

"எப்ப?"

"மதகு திறக்கறதுக்கு முன்னாடியே. சோதனைக்கு ஆள் வர்றாங்கன்னு சொன்னாங்க. பயந்துட்டேன்."

பல்ஸதா கணக்குப் போட்டாள். எத்தனை சாயங்காலம் கரையில் கேட்டிருப்பாள், எத்தனை தடவை பத்திரம் என்ற பதிலை வாங்கிக்கொண்டு போயிருப்பாள்; எல்லாம் அவள் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போவது தெரிந்தது. கத்துவாள், முடியைப் பிடிப்பாள் என்று ஜிபாகுல் எதிர்பார்த்தாள். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது.

"முப்பத்தொண்ணையும் சேத்தா எரிச்ச?"

"ஆமா அபா."

"பெத்தவளாச்சே," என்றாள் பல்ஸதா மெதுவாக.

அதற்குப் பிறகு அவள் செய்ததை அந்த ஊரில் அதுவரை யாரும் செய்ததில்லை. ஏணியைத் தூக்கி ஜிபாகுலின் வீட்டுச் சுவரில், ஜன்னலுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். விழாமல் இருக்கிறதா என்று அசைத்துப் பார்த்தாள்.

"இது இங்கியே இருக்கட்டும். எடத்தக் கண்டுபிடிச்சதும் நீயே கொண்டு போய் வை."

அவள் போன பிறகும் தெருவில் கதவுகள் சாத்தவில்லை. ஜிபாகுல் ஏணியைத் தொடவில்லை. காலையில் எழுந்து பார்த்தபோது சுவரில் ஆறு இருந்தன. வைத்தவர்கள் யாரும் கூப்பிடவில்லை, திட்டவில்லை. மத்தியானம் செயித்னியாஸ் வந்து, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, தம்பியின் ஏணியை வைத்துவிட்டுப் போனார். வியாழக்கிழமைக்குள் முன்சுவர் நிறைந்து பக்கச் சுவருக்குத் திரும்பியது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் எண்ணினாள். நாற்பத்திரண்டு. அவள் மீன் கிடங்குக்குப் போய், மூலையில் தனியாகக் கிடந்த நாலு படி ஏணியை எடுத்து வந்து கடைசியில் வைத்தாள்.

அடுத்த வாரம் எம்பெர்கென் ஃபோன் செய்தார். குரலில் பழைய களைப்பு இல்லை. இரண்டாம் கட்டத்துக்கு நிதி வந்திருக்கிறது, இந்த முறை அணையை இரண்டு மீட்டர் உயர்த்தப் போகிறார்கள் என்றார். படிவம் அனுப்பியிருப்பதாகச் சொன்னார். கஷ்டப்பட வேண்டாம், பதினாலாவது வரிக்குப் பழைய ஆய்வையே வைத்துக்கொள்ளலாம், கல்லறை இல்லை என்று ஏற்கெனவே இருக்கிறதே.

"நாப்பத்து மூணு இருக்கு அகா," என்றாள் ஜிபாகுல்.

"எங்க?"

"தெரியல. ஏணி எல்லாம் என் வீட்டுச் சுவத்துல இருக்கு."

எம்பெர்கெனும் அந்தப் பக்கத்து மனிதர்தான். அவருடைய அப்பாவின் ஏணியும் எங்கோ ஒரு மேட்டின் மேல் கிடக்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பார் என்று அவள் நினைத்தாள்.

"வீட்டுக்கா கொண்டு வந்தாங்க?" என்று கடைசியில் கேட்டார்.

"ஆமா."

அவர் ஃபோனை வைத்தார். ஜிபாகுல் படிவத்தை மேசையில் விரித்துப் பதினாலாவது வரியில் 'உண்டு' என்று எழுதினாள். எண்ணிக்கை என்ற கட்டத்தில் நாற்பத்து மூன்று என்று எழுதினாள். இடம் என்ற கட்டம் பெரிதாக இருந்தது. நாற்பத்து மூன்று வரி தாராளமாகக் கொள்ளும். அதைக் காலியாக விட்டுவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டாள். பிறகு நாலு படி ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு படுகைக்கு இறங்கினாள்.